சாட்டிய ஊரில் சித்தி

எங்கள் விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டிவிட்டால், அதாவது கோயிலில் திருவிழாவை அறிவித்துவிட்டால், அன்று ராத்திரி ஊரில் படுத்தவர்கள் பொங்கல் முடியும்வரை வேறு ஊரில் ராத்தங்கக் கூடாது. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஒரு வருடம் எல்லாரையும் பாடாய்ப் படுத்தினேன். ரயிலில் தூங்கினால் எந்த ஊர்க் கணக்கு? தூங்காமலே விழித்திருந்தால்? அந்தக் காலத்தில் அம்மை கண்டால் ஊரை அடைப்பார்களாம், அதிலிருந்து வந்திருக்கும் என்றாள் பூக்கார அக்கா. வத்தல் மண்டியில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சாமியே கிடையாது. அம்மன் என்ன ஆஜர் எடுக்கவா போகிறாள் என்று சிரித்துவிட்டு, வேண்டுமென்றே தூத்துக்குடிக்குப் போய்த் தங்கிவிட்டு வருவார்.

அந்த வருடம் சாட்டிச் சில நாள் கழித்து, அம்மாவின் தங்கை, என் சித்தி, சாத்தூரிலிருந்து தனியாக வந்து இறங்கினாள். அந்த வெயிலிலும் சேலைத் தலைப்பால் இரண்டு கைகளையும் மூடியிருந்தாள். அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய், கைகளில் சுட்டிருந்த இடங்களில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். சித்தப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். வீட்டில் வெடி வைத்து விளையாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா வந்தார். உட்காரவில்லை. அவளைக் கிளம்பச் சொல்லுங்கள் என்றார். உள்ளே சித்தி என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். அப்பா வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டார்.

"சாட்டுன ஊர்ல ஒரு ராத்திரி படுத்துட்டாள்ல தம்பி. பொங்கல் முடியாம அனுப்பப்படாது. நீங்க மருந்தோட புழங்குறவக. அம்மன் குத்தத்தை ஏன் தேடிக்கிறீக?"

சாட்டிய ராத்திரிக்கு மட்டும்தானே அந்த விதி என்று திருத்தப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. கோயில் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பொங்கல் முடிந்தது. பொங்கலை ஒட்டிப் போட்டிருந்த பொருட்காட்சி முடியும்வரை போகக் கூடாது என்று செல்லில் சித்தப்பாவிடம் அப்பா சொன்னார். அதுவும் எனக்குப் புதிது. சித்தி என்னை ராட்டினத்தில் ஏற்றினாள், என் டெல்லி அப்பளத்தில் பாதியைப் பிடுங்கித் தின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் ராட்டினத்தையும் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். இனிச் சித்தி சாத்தூருக்குப் போகலாம்தானே என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்.

"அங்கன இப்பச் சாட்டிட்டாகளாம். இங்கன பொங்கல் பாத்தவக அந்த ஊர்ல போய் ராத்தங்கப்படாது."

சாமி இல்லை என்கிறவருக்கு இத்தனை சாங்கியம் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுப்படியில் சித்தி முந்தானையால் வாயை மூடி அழுதுகொண்டிருந்தாள். சாத்தூர்த் திருவிழா பார்க்க முடியாத ஏக்கம் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. அழாதே சித்தி, அடுத்த வருடம் சாட்டுவதற்கு முன்னாலேயே உன்னை எப்படியாவது அனுப்பிவைக்கிறேன் என்று அவளைத் தேற்றினேன்.