மண்டாடியின் வாய்

சல்லிக் கிராமத்துக் கரைவலைக்குத் தவராசாதான் மண்டாடி, வலைக்காரரின் தலைவர். கடலில் வளைத்த வலையைக் கரைக்கு இழுக்கும்போது கயிற்றில் நிற்பவர்களை முடுக்கிவிடுவது அவருடைய வாய். தூசண வார்த்தை கலக்காமல் அந்த வாயிலிருந்து ஒரு வரி வராது. மாமனும் மருமகனும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுச் சிரிப்பார்கள். வலையில் சொன்னது மணலோடு சரி. அதற்காக ஒருவரும் முகம் கோணுவதில்லை.

வீட்டுக்குப் போகுமுன் மட்டும் கடல் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளிப்பார்.

"அண்ணை, உந்த வாய்க்கு இந்தக் கடல் காணாது," என்பான் கூட இழுக்கும் கதிரவேல்.

"வீட்டில பொம்பிளைப் பிள்ளை இருக்கடா."

மகள் கோணேஸ்வரி அவர் வாயால் 'மூதேவி' என்றுகூடக் கேட்டதில்லை. வலை இழுக்கும் நேரம் கரைப்பக்கம் வரக்கூடாது என்பது அவர் அவளுக்குப் போட்டிருந்த ஒரே சட்டம். அவளும் வந்ததில்லை.

பெரும் புயலுக்கு முந்தின வருசம் ஒரு காலை. வலை கனத்து வந்தது. கடலுக்கு மேலே ஏறிய வெயில் கண்ணைக் குத்தியது. அந்த வெயிலுக்குள்ளால் பாவாடை கட்டிய யாரோ ஓடிவந்து இழுபடும் கயிற்றைத் தாண்டினார்கள். கயிற்றைத் தாண்டினால் மீன் போய்விடும் என்பார்கள். தாண்டியவளின் தாயையும் தூசணத்தில் இழுத்து, தவராசா தொண்டை கிழியக் கத்தினார். கயிற்றில் நின்றவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

கதிரவேல்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணை... அது உங்கட பிள்ளையெல்லோ."

கோணேஸ்வரி மணலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உங்களை வரட்டாம்."

காய்ச்சலில் கிடந்த மனைவி சிவபாக்கியத்திடம் அவர் அன்றைக்கு வாய் கொப்பளிக்காமல் ஓடினார். போய்ச் சேரும்போது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பிறகு கோணேஸ்வரி சமைத்தாள், துவைத்தாள், அவருக்குச் சாரம் மடித்து வைத்தாள். "சோறு போட்டாச்சு" என்பாள். 'அப்பா' என்ற சொல் மட்டும் வரவில்லை. தவராசா வலையில் ஏசுவதை விட்டார். "மண்டாடியார் கோயில் ஐயராப் போனார்" என்று பகிடி பண்ணியவர்கள், வலை சோர்ந்து வரத் தொடங்கியதும் முணுமுணுத்தார்கள். மண்டாடி வேலையைக் கதிரவேலிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றின் கடைசியில் பேசாமல் நின்று இழுத்தார்.

கோணேஸ்வரியை இறக்கக்கண்டியில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை காரில் முன்னால் ஏறிவிட்டான். கார்க் கதவடியில் தவராசா குனிந்தார்.

"பிள்ளை, மனசில வச்சிருக்காத. வாய்க்கு வந்தபடி ஒருக்கா என்னை ஏசிப்போட்டுப் போ."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது.

"எனக்கு ஏசத் தெரியாது. நீங்கள் ஒண்டும் காதில விழ விடேல்லையே."

சேலைத் தலைப்பு அகப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு, தவராசா கதவைச் சாத்தினார்.