ஒன்பது தங்கராஜ்களும் ஒரு டெலீட் கட்டளையும்

வடசேரியிலுள்ள என் வழக்கறிஞர் அலுவலக மென்பொருளில், தங்கராஜ் என்ற கட்சிக்காரரின் முடிந்துபோன ஒரு வழக்கின் பதிவை இன்று நீக்க வேண்டியிருந்தது.

மென்பொருளை எழுதித் தந்த நண்பர் ஜெபா, கட்சிக்காரர் பெயர் 'தங்கராஜ்' எனில் நீக்கு என்று டெலீட் கட்டளையை எழுதிவிட்டு, "ஓட்டட்டா மக்கா?" என்றார்.

"பொறு மக்கா. யாரெல்லாம் போவாங்கன்னு முதல்ல செலக்ட் போட்டு லிஸ்ட்ட எடுத்துப் பாரு."

"வக்கீலுக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும்," என்று சிரித்தபடியே போட்டார்.

திரையில் ஒன்பது தங்கராஜ்கள் வந்து நின்றார்கள்.

அவர்களுள் முட்டத்துத் தங்கராஜின் வீட்டு வழக்கு நாளை விசாரணைக்கு வருகிறது. என் வாதக் குறிப்புகள் முழுவதும் அந்தப் பதிவில்தான் இருந்தன.

ஜெபாவின் சிரிப்பு நின்றது. வழக்கு எண்ணை நிபந்தனையாக்கினோம். ஒரே ஒரு வரி வந்தது. அதன்பிறகே நீக்கினோம்.

இனி என் அலுவலகத்தில் பெயரை மட்டும் நம்பி எவரையும் நீக்க அனுமதியில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் கீழே பதிவு செய்யலாம்.