அலோன் நிலவறையில் மூன்று தட்டு

என் வலது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் இதுவரை பொய்தான் சொல்லியிருக்கிறேன். உண்மை இதுதான்.

1997. யாங்கோன், அதாவது பழைய ரங்கூன். அலோன் படகுத்துறைக்கு எதிரே எங்கள் மதுக்கடை. வெள்ளைக்காரன் காலத்தில் மாலுமிகளுக்காகக் கட்டியது. பிறகு ஒரு தமிழர் நடத்தினார். ஜப்பான் சண்டைக்குப் பின் அரிசிக் கிடங்கு. அப்புறம் பல வருஷம் பூட்டு. நானும் என் தங்கை ராணியின் கணவன் மாரிச்சாமியும் சேர்ந்து வாங்கித் திறந்தோம். ஹோட்டல் கட்ட ஒருவர் இடத்தைக் கேட்டபோது மாரிச்சாமி விற்கலாம் என்றான். நான் கையெழுத்துப் போட மறுத்தேன்.

காரணம் கடைக்கு அடியில் இருந்த நிலவறை. சற்றுப் பொறுங்கள், அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் மற்றது புரியும். பீர் பீப்பாய்கள் கீழே குளிர்ச்சியில் இருக்கும். ஒரு பித்தளைக் குழாய் அங்கிருந்து மேலே கல்லாவில் உள்ள கைப்பம்புக்குப் போகும். தரையோரம் ஒரு வடிகால். அது ஆற்றில் திறக்கும். அதன் வாயில் இரும்பு மூடி. உள்ளே நீர் சேர்ந்தால் மூடி வெளிப்பக்கம் திறந்து வடியவிடும். ஆறு பெருகினால் அந்த நீரே மூடியை அழுத்திச் சாத்திவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு.

நிலவறைக் கதவு கனத்த தேக்கு. தாழ்ப்பாள் மேல்பக்கம் மட்டும்தான். கத்தினாலும் கேட்காது. அதனால் பழைய ஆட்கள் குழாயில் தட்டிப் பேசினார்கள். ஒரு தட்டு: இறங்கிவிட்டேன். இரண்டு: பம்பை இழு. மூன்று: மேலே வருகிறேன், கதவைத் திற. மேலே இருப்பவர் அதே எண்ணிக்கையில் பதில் தட்ட வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம்.

வாசோ பௌர்ணமி, பர்மியரின் மழைக்கால நோன்பு தொடங்கும் நாள். கடைக்கு விடுமுறை. மழை. பொழுது சாயும் நேரத்தில் மின்சாரம் போயிற்று.

"கீழே ஏதோ ஒழுகுது மச்சான். பாத்துட்டு வா," என்றான் மாரிச்சாமி.

"பௌர்ணமிக்கு ஆறு ஏறும், அதனால மூடி..."

"விளக்கத்தை மேலே வந்து சொல்லு மச்சான். இறங்கு." சிரித்தான்.

டார்ச்சோடு இறங்கினேன். ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டு பதில் வந்தது.

பீப்பாயில் ஒழுகல் இல்லை. ஆனால் கால் நனைந்தது. வடிகாலில் வெளிச்சம் அடித்தேன். மூடி சாத்தியிருக்கவில்லை. இடுக்கில் ஒரு மரக்கட்டை. பீப்பாய் உருளாமலிருக்க நானே செதுக்கிய கட்டை. அது தானாக அங்கே போகாது...

இழுத்தேன். அசையவில்லை. ஆறு உள்ளே பாய்ந்தது.

மூன்று தட்டினேன்.

டங்... டங்... டங். பதில் வந்தது.

இரும்பு ஏணியில் ஏறிக் கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருந்தது. முழங்கையால் இடித்தேன். தோல் கிழிந்தது. டார்ச் கைநழுவித் தண்ணீரில் விழுந்து அணைந்தது.

இறங்கி மறுபடி மூன்று தட்டினேன். மறுபடி மூன்று பதில்.

தண்ணீர் இடுப்பில்.

"மாரி... கதவைத் திற."

டங்... டங்... டங்.

குழாயில் காதை வைத்தேன்.

சத்தம் மேலிருந்து வரவில்லை.

கீழிருந்து வந்தது.

தண்ணீருக்குள்ளிருந்து...

கையை எடுத்துவிட்டேன்.

ஏணி முனகியது. ஒரு படி. அடுத்த படி. யாரோ ஏறினார்கள். என் முகத்தில் நீர் சொட்டியது.

மேலே தாழ்ப்பாள் நகர்ந்தது.

கர்ர்ர்ர்...

மங்கிய அந்தி வெளிச்சம்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. கடையில் யாரும் இல்லை. தெருக்கதவு வெளியே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் குதித்தேன். துறைக் காவலாளி ஊ டின் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். நிலவறை என்றதும் பிடியை விட்டுப் பின்வாங்கினார்.

"சின்னத்தம்பியா?" என்றார் பர்மியத்தில்.

சின்னத்தம்பி, முன்பு கடையை நடத்திய அந்தத் தமிழரின் தம்பி, நிலவறை ஆள். ஜப்பான்காரன் வந்தபோது, "ஒளிந்துகொள், மூன்று தட்டினால் திறக்கிறேன்" என்று அண்ணன் தாழ் போட்டானாம். பிறகு தனியாகக் கப்பலேறிவிட்டானாம். உடலை எடுத்தபோது கை குழாயை விடவில்லையாம்.

பஸ் பிடித்து நகரின் கிழக்கே தாகேதாவில் உள்ள ராணி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சுவரில் என் படம். மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். ராணி தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி இருந்தார்கள். என்னைக் கண்டதும் அழுகை நின்றது.

மாரிச்சாமி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"நீ இறங்கினதும் ஒரு தட்டு. அவ்வளவுதான் நான் தட்டினது. உடனே தாழ் போட்டுட்டு ஓடிவந்துட்டேன் மச்சான்... யாரு திறந்தா?"

எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. நான் மூழ்கிவிட்டேன் என்று அவன் சொன்னதை நம்பித்தான் ராணி அழுதாள், பாவம், என்று நினைத்துப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினேன். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

மல்லிகை பழுப்பேறிச் சுருண்டிருந்தது. நாரும் காய்ந்திருந்தது. அது அன்று மாலை வாங்கிய பூ இல்லை. நான் நிலவறையில் இறங்குவதற்கு முந்தின நாளே வாங்கி வைத்த பூ.

"ராணி," என்றேன்.

அவள் விளக்குத் திரியைச் சரிசெய்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.