தாமரை எழுபத்தைந்துக்கு இறங்கிய கதை

தாமரை முதன்முதலாக என் ஜிம்முக்கு வந்த அன்று, இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு அடங்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. மலேசியாவின் கிள்ளானில், இந்தியர் கடைத்தெருவுக்குப் பின்புறம், மளிகைக் கடைக்கு மேலே இருக்கிறது என் ஜிம். பெண்களுக்கு மட்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு ரவிக்கை பொருந்த வேண்டும் என்று வருவார்கள். மீதிப்பேர் டாக்டர் திட்டினார் என்று வருவார்கள். இவளும் அந்த இரண்டில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, வழக்கமான எரிச்சலோடு ஃபார்மை நீட்டினேன்.

“அதெல்லாம் அப்புறம் எழுதுறேங்கக்கா. எண்பத்தாறு கிலோ இருக்கேன். எழுபத்தஞ்சு ஆவணும். அழகு கிழகு ஒண்ணும் வேணாம். தம்பிக்கு கிட்னி கொடுக்கணும். இந்த எடையில ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அதை மூடிக்கொண்டு ஃபார்மை நானே நிரப்பினேன்.

தாமரைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து, மேரு பக்கத்துப் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் பள்ளியில் விட்டு, மத்தியானம் மறுபடி கொண்டுபோய்ச் சேர்ப்பாள். காலைச் சவாரி முடிந்ததும் எண்ணெய் மினுங்கும் இரண்டு ரொட்டி சானாய், இனிப்புப் பால் விட்டு ஆற்றிய ஒரு தே தாரிக். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. உடம்பு வேறெப்படி இருக்கும்?

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி ஜெயராஜும் அவளும் ஒரே ஃபிளாட்டில் இருந்தார்கள். லோரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்து நாலு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அதற்காகக் கையில் வைத்துத் தைத்த ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. கடைசியில் கழுத்தில் ஒரு டியூபைச் செருகி அதன் வழியாகச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த டியூப் வழியாக என்றைக்கு வேண்டுமானாலும் கிருமி போகலாம், அதனால் சீக்கிரம் மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தாமரையின் ரத்தம் எல்லாம் பொருந்திவிட்டது. பதினோரு கிலோதான் குறுக்கே நின்றது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்கும் பங்கு உண்டு. என் பெயர் மாதவி. பள்ளிக் காலத்தில் மாநில அளவில் பளு தூக்கியவள். ஜிம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் எல்லாருக்கும் எடை பார்த்து, டேப் வைத்து அளந்து, பெயருக்கு நேரே எழுதுவேன். குறைந்தால் கறுப்பு மை. கூடினால் சிவப்பு. கறுப்பு விழுந்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். சிவப்பு விழுந்தவள் அந்த வாரம் பலகைப் பக்கமே திரும்ப மாட்டாள். நாலு பேர் பார்க்க எழுதினால்தான் ரோஷம் வரும் என்பது என் கட்சி.

தாமரை நன்றாகத் தூக்கினாள். “வேன் டயரு தனியா மாத்துனவ லா நானு,” என்பாள். ரொட்டி சானாய் போய், டப்பாவில் அவித்த முட்டை வந்தது. முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது. இரண்டாம் மாதம் எடை அப்படியே நின்றது, தொடைச் சுற்றளவு ஒரு அங்குலம் கூடியது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணைச் சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சாப்பாட்ட பாதியா கொறச்சிட்டேங்கக்கா. எப்படி ஏறும்?”

அவளை உட்கார வைத்துச் சொன்னேன். புதிதாகப் பாரம் தூக்குகிறவளின் தசை உள்ளுக்குள் நுணுக்கமாகக் கிழிந்து கிழிந்து ஆறும். அடிபட்ட இடம் வீங்குவதைப் போல, ஆறும் வரை அங்கே தண்ணீர் கோத்துக்கொள்ளும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் வயிறு உப்பும். முதல் நாள் மிளகாய்ச் சம்பலும் கருவாடும் சாப்பிட்டால் மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். வேனில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும். டேப்பை ஒரு விரல் மேலே வைத்தால் ஓர் எண், கீழே வைத்தால் வேறோர் எண். கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும்போதுகூட டேப்பில் ஏறும்.

“அதனால ஒரு வாரத்த பாக்காத. ரெண்டு மாசத்த சேத்து வெச்சு பாரு. சாண் ஏறுனா முழம் சறுக்குற மாதிரிதான் தெரியும், ஆனா சறுக்கல,” என்றேன்.

தலையாட்டினாள். நான் எழுந்து போய்ப் பலகையில் அவள் அளவை எழுதினேன். சிவப்பு மையில். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு நாள் ஜெயராஜ் அவளோடு வந்தான். கழுத்தில் பேண்டேஜ், சட்டைக் காலரைத் தூக்கி விட்டிருந்தான். படி ஏற முடியாமல் கீழே மளிகைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் இறங்கிப் போனேன்.

“எங்கக்காவ ரொம்ப வாட்டாதீங்கக்கா. எனக்கு குடுக்குறதுக்குள்ள அவ தேஞ்சி போயிருவா போல,” என்று சிரித்தான். தாகம் எடுத்தாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் அவன் தண்ணீர் குடிக்கக் கூடாது. கையில் வைத்திருந்த ஐஸ் துண்டை மெல்லச் சப்பிக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

டிசம்பர் கடைசியில் தாமரை எழுபத்தைந்து புள்ளி எட்டு. இடுப்பு நாற்பது அங்குலத்திலிருந்து முப்பத்தைந்துக்கு வந்திருந்தது. ஜனவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கடைசிப் பரிசோதனை. எடையும் பார்ப்பார்கள், ரத்தமும் எடுப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஆபரேஷன். தம்பிக்காகப் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு அவள் விரதமும் ஆரம்பித்திருந்தாள். புரதத்துக்காகச் சோயாவில் செய்த தௌஃபூவும் தெம்பேவும் பருப்பும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வைத்தேன்.

பரிசோதனைக்கு முந்தின சனிக்கிழமை எடை பார்த்தோம். எழுபத்தேழு புள்ளி ஒன்று. இடுப்பு முப்பத்தாறு.

காரணம் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அந்த வாரம் அவளுக்குப் பாரத்தைக் கூட்டியது நான். மாதவிலக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. விரதச் சாப்பாடு என்று தினமும் ஊறுகாயும் அப்பளமும் உள்ளே போயிருந்தது. இதை நான் அவளை உட்கார வைத்து மறுபடியும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புத்தாண்டு பிறந்தவுடன் இளைக்கிறேன் என்று கிளம்புகிற கூட்டம் அன்றைக்கு ஜிம்மில் நெரிந்தது. “தண்ணி லா, ஒண்ணும் இல்ல, போ,” என்றேன். சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்தவளை அளக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் பலகைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தண்ணீர்தானே கூடியிருக்கிறது, அப்படியானால் தண்ணீரை நிறுத்திவிட்டால் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலையில் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். செவ்வாயும் புதனும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நேரே பத்துமலைக்கு வேனை விட்டிருக்கிறாள். வேர்த்துக் கொட்ட வேண்டும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, இருநூற்று எழுபத்திரண்டு படியையும் ஏறி இறங்கியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை நாலு முறை. புதன்கிழமை ஆறு முறை.

கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டோடு ஏறுகிறவளைப் பார்த்து யாரோ ஒரு அம்மாள் ஏதோ கடுமையான வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாளாம். காவடிக்காரர்களுக்குச் செய்வதைப் போல, குனிந்து இவள் காலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாளாம்.

“அத அப்படியே வாங்கி குடிக்கணும்னு இருந்துச்சுக்கா. குடிக்கல,” என்று பிற்பாடு சொன்னாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரித் தராசை ஃபோனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். எழுபத்து மூன்று புள்ளி இரண்டு. ஐந்து நாளில் கிட்டத்தட்ட நாலு கிலோ. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அது கொழுப்பு இல்லை என்று ஒரு நொடியில் தெரிய வேண்டாமா? தெரிந்தது என்றே நினைக்கிறேன். தெரிந்தும் பலகையில் பெரிதாக எழுதினேன், கறுப்பு மையில். ஜிம்மே கை தட்டியது. வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பி வைத்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“என்ன செஞ்சீங்க தாமரை? உடம்புல தண்ணியே இல்ல. தசை ஒடஞ்சி ரத்தத்துல கலந்துருக்கு. கிட்னி ரீடிங் ஏறிருக்கு. யூரின்ல புரோட்டீன் வேற.”

தாமரை எல்லாவற்றையும் சொன்னாள். படிகளின் கணக்கைக்கூட மறைக்கவில்லை.

“எழுபத்தஞ்சுன்னு நான் சொன்னது ஒரு குறிதான்மா. எழுபத்தாறு எழுபத்தேழு வந்திருந்தாலும் எடுத்திருப்பேன். ஒரு கிலோ முன்ன பின்ன ஆவும்னு எங்களுக்கு தெரியாதா? ஆனா இந்த ரத்தத்த பாத்துட்டு உங்க கிட்னிய எடுக்க முடியாது. நாளைக்கு உங்களுக்கே ஏதாவது ஆயிட்டா?”

ஆறு வாரம் கழித்து எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதலிலிருந்து. இந்த ஆபரேஷன் தேதி வேறு ஒருவருக்குப் போகும். அடுத்தது ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான்.

“இன்னிக்கே நெறைய தண்ணி குடிக்கிறேன் டாக்டர். நாளைக்கு மறுபடி எடுத்து பாருங்க. ப்ளீஸ் டாக்டர்.” நாற்காலியை விட்டு இறங்கி அவர் காலைத் தொடப் போனவளை நான்தான் பிடித்து நிறுத்தினேன். அவ்வளவு லேசாக இருந்தாள்.

ஜெயராஜ் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஹரி ராயா என்ன தூரமா? ரெண்டு மாசம் லா,” என்றான். அவன் முன்னால் அவளும் சிரித்தாள். வேனில் வந்து உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் மாதம் முதல் வாரத்தில் மறுபரிசோதனை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தண்ணீர் குடித்துப் போனாள். எடை எழுபத்தைந்து புள்ளி ஆறு. ரத்தம் சுத்தம். டாக்டரம்மா அந்த எடையைப் பார்த்துவிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டார். ஏப்ரலில் தேதி கொடுத்தார்கள்.

அந்தத் தேதிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த ஜெயராஜுக்கு உதறல் கண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. டியூப் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். தாமரையே வேனில் ஏற்றிக்கொண்டு போனாள், பின்சீட்டில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே. மூன்றாம் நாள் காலை அவன் போய்விட்டான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று சாவு வீட்டில் பத்துப் பேராவது சொன்னார்கள். அவர்கள் வாயைத் தைத்துவிடலாமா என்று எனக்கு வந்தது. அவர்களைச் சொல்லி என்ன, கறுப்பு மையில் எழுதிக் கை தட்ட வைத்தவள் நான்.

காரியம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, ஒரு வேலை நாளில், மத்தியானச் சவாரிக்குச் சற்று முன்னால் தாமரை ஜிம்முக்கு வந்தாள். அன்றைக்கு என்ன தேதி என்று எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த தேதி. உள்ளே வேறு யாரும் இல்லை. பலகையை நான் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தேன். ஆணி அடித்த நாலு ஓட்டைகளும் சுவரில் அப்படியே இருந்தன. அவள் அந்த இடத்தையே பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கணும்க்கா. பொய் சொல்லக் கூடாது.”

“கேளு.”

“அன்னிக்கி செவப்புல எழுதுனீங்களே, எழுபத்தேழு. அது நெசமாவே வெறும் தண்ணிதானா?”

“ஆமா.”

“நான் ஒண்ணுமே செய்யாம, சும்மா சாப்பிட்டு, சும்மா வேன் ஓட்டிக்கிட்டு இருந்திருந்தா?”

பொய் சொல்லத்தான் வாய் துடித்தது. அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும் என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் முன்பு ‘தண்ணி லா’ என்று சரியான காரணத்தை அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனதன் பலனைப் பார்த்திருந்தேன். இந்த முறை அவளை உட்கார வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தானா எறங்கியிருக்கும் தாமரை. ஒரே வாரத்துல.”

அவள் தலையாட்டினாள்.  பிறகு, பள்ளி விடுகிற நேரமாகிறது என்று எழுந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாடி ஏறி வந்தவளுக்கு மூச்சே வாங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.