காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஓட்டை

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு. எங்கள் ஸ்ரீராம்புரம் சந்து எல்லம்மாக்கா, பாலைக் கொடுத்தாலும் சுண்ணாம்புத் தண்ணியா என்று முகர்ந்து பார்க்கிற ரகம். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாங்கமாட்டாள். கடைக்காரன் கொத்தமல்லி சும்மா கொடுத்தால் அன்றைக்குத் தக்காளியை இரண்டு தரம் புரட்டிப் பார்ப்பாள். நான் குறை சொல்லவில்லை. புருஷன் போன பிறகு நம்பி நம்பித்தான் நாலு இடத்தில் ஏமாந்தாள். இப்போது அவளுக்கென்று இருப்பது முன்னறையில் ஒரு கிரைண்டர். சந்து முழுக்க அவள் அரைத்து விற்கும் இட்லி மாவுதான்.

அவள் வீடு பள்ளம். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் அவள் முற்றத்துத் தண்ணீர், பக்கத்தில் இடிந்து கிடந்த மனை வழியாகக் கீழ்த்தெருச் சாக்கடைக்கு, அதாவது எங்கள் பேச்சில் மோரிக்கு, ஓடிவிடும். போன வருடம் அந்த மனையை நரேஷ் வாங்கினான். வைட்ஃபீல்டுக்குக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். வீடு கட்டி, காம்பவுண்டு எழுப்பும்போது தரை மட்டத்தில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை விடச் சொன்னான்.

அக்கா பிடித்துக்கொண்டாள். "இது எதுக்கு?"

"உங்க தண்ணி போறதுக்குத்தான்க்கா. என் வாசலை மோரிப் பக்கமா வாட்டம் விட்டிருக்கேன்."

மேஸ்திரி மட்டக்குழாய் பிடித்துக் காட்டினார். அக்கா நம்பவில்லை. தானே ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள். அது நரேஷ் பக்கமே ஓடியது.

"இன்னிக்கு அங்க ஓடுது. நாளைக்கு அவன் நாலு சட்டி மண்ணு கொட்டினா இங்கதானே வரும்?" என்று என்னிடம் வந்து பொருமினாள்.

மாநகராட்சிக்கு எழுதிப் போட்டாள். இன்ஜினியர் சௌம்யா வந்து பார்த்தார். "அம்மா, அவங்கவங்க மழைத்தண்ணிய அவங்கவங்கதான் மோரிக்கு விடணும், பக்கத்து வீட்டுல விடக்கூடாது. அதான் ரூல். இவரு இந்த ஓட்டைய விடணும்னே இல்ல. கம்ப்ளெய்ன்ட் பண்றதுன்னா இவருதான் உங்க மேல பண்ணணும்."

வேறு யாராவது என்றால் அத்தோடு அடங்கியிருப்பார்கள். அக்காவுக்கு அதன் பிறகுதான் சந்தேகம் முற்றியது. "ரூல்ல இல்லாததை ஒருத்தன் சும்மா செய்வானாடி? தண்ணியக் காட்டி என்னைக் கிளப்பிட்டு வீட்டைக் கேக்கப் போறான், பாத்துக்கோ." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நன்றாகத் தலையாட்டினேன்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் மழை பிடித்தது. அப்பப்பா, என்ன மழை! அரை மணி நேரத்தில் அக்காவின் முற்றம் குளம். நாங்கள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் தண்ணீர் முன்னறையில் ஏறி, கிரைண்டர் மோட்டார் முழுகிவிட்டது.

சந்தே திரண்டது. யார் காரணம் என்று எவரும் யோசிக்கவே இல்லை. அக்காதான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே. வேலை முடிந்து அப்போதுதான் வந்த நரேஷை வாசலிலேயே மறித்தோம்.

"ஓட்டைய அடைச்சுட்டியாடா? ஒத்தப் பொம்பள பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?" அப்படிக் கத்தியது நான்தான். என் வாய் அப்படி.

நரேஷ் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினான். அக்காவின் முற்றத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, குனிந்து, சுவரடியில் கைவிட்டுத் தடவினான். வெகுநேரம் தடவினான். நிமிர்ந்து அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு, கடப்பாரை எடுக்கத் தன் வீட்டுப் பக்கம் திரும்பினான். எதிர்வீட்டு அப்பாதுரை எட்டி அவன் சட்டையைப் பிடித்தார்.

"அவனை விடுங்க," என்றாள் அக்கா. "நான்தான் அடைச்சேன், அவன் தண்ணி உள்ள வந்துடும்னு. போன வாரம், அவன் வேலைக்குப் போனப்போ. சிமெண்ட் கொழைச்சு, என் பக்கத்துலேர்ந்து என் கையாலயே பூசினேன்."

அப்பாதுரை கையை எடுத்துக்கொண்டார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நரேஷ் கடப்பாரையால் நாலு குத்துக் குத்தினான். ஓட்டை திறந்ததும் தண்ணீர் திபுதிபுவென்று அவன் வாசல் வழியாக மோரிக்கு இறங்கியது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தடவினதுமே என் வெரல் தடம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். இத்தினி பேரு உன்னை வைதாங்களே, ஏன்டா வாயைத் தொறக்கல?"

அவன் கடப்பாரையைத் தண்ணீரில் அலசினான்.

"நான் சொன்னதுல இதுவரைக்கும் எதக்கா நம்புனீங்க?"