கொன்ரா வரிசையில் என் கணவர்

மாத முடிவில் மார்க்கம் நகரில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு நிரந்தரமாகவே போய்விடப் போவதாக என் கணவர் சொல்லிவிட்டார். சண்டையில்லை, சத்தமில்லை. பிள்ளைகள் வேலை கிடைத்து வெளியேறிய பிறகு எங்கள் அப்பார்ட்மெண்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்தே கனகாலம். அழுது பார்த்தேன், சமைத்துப் போட்டுப் பார்த்தேன், கோயிலுக்கு நேர்ந்தும் பார்த்தேன். ஒன்றும் சரிவராமல்தான், வேலையிடத்துச் சிநேகிதி போகிற, வரிசையாக நின்று ஜோடி மாறி மாறி ஆடும் கொன்ரா நடனத்துக்கு அவரையும் வரச்சொல்லிக் கெஞ்சினேன். புத்தி பேதலித்தவள் செய்கிற வேலைதான்.

"ஓம், வாறன்" என்றார் உடனே. கடைசி ஆசையை நிறைவேற்றுகிறவரைப் போல அவர் ஒத்துக்கொண்டது எனக்குப் பயத்தைத் தந்தது.

சனிக்கிழமை பின்னேரம், ஒரு தேவாலய மண்டபம். எதிரெதிரே இரண்டு நீள வரிசைகள், பிடில், பியானோ. அடுத்த அசைவு என்னவென்று கூவிச் சொல்ல மேடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஜோடியைப் பிடித்துச் சுழலும்போது இருவரும் பின்னால் சாய்ந்து தங்கள் பாரத்தை மற்றவர் கையில் விடவேண்டும் என்றார். கண்ணைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். எல்லாவற்றையும்விட, இசை திரும்புகிற இடத்தில் பிடியை விட்டுவிடவேண்டும். அடுத்த அசைவுக்குப் பக்கத்து ஜோடி காத்து நிற்கும்.

நாலு பேருக்கு முன்னால் புருஷனின் கண்ணைப் பார்த்துப் பழகாதவள் நான். அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துச் சுழன்றேன். தலை கிறுகிறுத்தது. அவரும் நிரம்பிய வாளியைத் தூக்குவதுபோல என்னைத் தள்ளிப் பிடித்திருந்தார். ஆனால் முறைப்படி பக்கத்து ஜோடிப் பெண்ணோடு சுழன்றபோது நன்றாகச் சாய்ந்தார். அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கவரும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

மறுபடி என்னிடம் வந்தபோது வெட்கத்தை விட்டு நிமிர்ந்து பார்த்தேன். முழுப் பாரத்தையும் அவர் கையில் போட்டேன். தாங்கினார். மண்டபம் முழுவதும் கலங்கி ஓடியது, அவர் முகம் மட்டும் அசையாமல் நின்றது. இத்தனை வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. இசை திரும்பியது. பெண்கள் எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்று மேடையிலிருந்து குரல் வந்தது. நான் விடவில்லை. விட்டால் போய்விடுவார், அவ்வளவுதான் தெரிந்தது. எதிர்ப்பக்கப் பெண் பாதி வழியில் கை நீட்டியபடி நின்றாள். பின்னால் யாரோ யாரையோ இடித்தார்கள். எங்கள் பக்கத்தில் வரிசை குலைந்தது.

"விடும். ஆக்கள் நிக்கினம்" என்றார் மெதுவாக.

"போகாதேங்கோ" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். தன் தோளிலிருந்த என் விரல்களை நோகாமல் கழற்றினார். என்னைத் திருப்பி, எதிர்ப்பக்கத்தில் காத்து நின்ற யாரோ ஒரு மனிதரிடம் அனுப்பிவைத்தார்.