தம்பி கொண்டுவந்த கால் அணாக்கள்

பழைய நாணயம் சேர்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். என் தம்பிக்கு அது தொற்றிக்கொண்டது வேலை போன பிறகு. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து காக்ஸ் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வருவான். சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பொழுது போகட்டும் என்று நான்தான் லென்ஸைக் கையில் கொடுத்தேன்.

இரட்டை அச்சைப் பற்றியும் சொன்னேன். அச்சைச் செய்யும்போதே உருவம் சற்று விலகி இரண்டு தடவை பதிந்துவிட்டால், அதில் அடித்த எல்லா நாணயத்திலும் எழுத்து இரட்டையாக வரும். இரண்டும் உருண்டு மேலெழுந்து நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நாணயம் அடிக்கிற நேரத்தில் அச்சு ஆடிப்போனாலும் இரட்டை மாதிரிதான் தெரியும். ஆனால் அது எழுத்தின் ஓரம் நசுங்கியதால் படிக்கட்டு மாதிரி வந்த தட்டையான விளிம்பு. அதை யாரும் சீந்தமாட்டார்கள்.

தம்பி வீடியோக்களைப் பார்த்து, கிலோ கணக்கில் கால் அணாக்கள் வாங்க ஆரம்பித்தான். நான் பார்த்துவிட்டு, அச்சு ஆடினதுதான் என்பேன். அவன் முகம் சுருங்கிவிடும். அவன் மனைவி எனக்குப் போன் செய்து, "நீங்க சொன்னா கேப்பாரு அண்ணி" என்றாள். சொன்னேன். கேட்டான். வேலைக்கு விண்ணப்பித்தான். ஓர் இடத்திலிருந்து இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள்.

இன்டர்வியூ அன்று காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு என் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு கால் அணா.

"இத மட்டும் பாருக்கா. பாத்துட்டுப் போயிடறேன்."

லென்ஸில் பார்த்தேன். எழுத்தின் முனைகள் பிளந்திருந்தன. இரண்டும் உருண்டு, ஒரே உயரத்தில் நின்றன. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. வாய் வரவில்லை.

"இது நெஜந்தான்டா."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். நேரமாகிறது, கிளம்பு என்று நான் சொல்லச் சொல்ல அவன் காதில் எதுவும் விழவில்லை. இன்டர்வியூவுக்குப் போகவே இல்லை.

அந்தக் காசை விற்கவும் மாட்டேன் என்கிறான். இதே அச்சில் அடித்தவை இன்னும் எங்கேயாவது இருக்குமாம். அவன் மனைவி பிள்ளையோடு நீலசந்திராவில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என் போனை எடுப்பதில்லை.

போன ஞாயிறும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினான். ரொம்ப மெலிந்திருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அப்புறம் சாப்பிடலாம், முதலில் இதைப் பார் என்றான். வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.